டெல்லியில் பள்ளியைப் பார்த்து வீடு வாங்கலாமா? புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலை மந்திர் முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நின்றாலும் சரி, மயூர் விஹார் குருவாயூரப்பன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாலும் சரி, மாற்றலாகி வந்த யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார்: "அக்கா, நல்ல பள்ளி எந்தப் பக்கம்? அங்கேயே ஒரு ஃப்ளாட் பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம்." சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வீட்டுத் தரகரும் அல்ல, ஆசிரியையும் அல்ல. இரண்டு பிள்ளைகளை இந்த ஊரில் நர்சரியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுபோய்ச் சேர்த்த அம்மா. என் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு அருகே வீடு வாங்கிவிட்டால் நர்சரியில் இடம் கிடைத்துவிடும் அல்லவா?

வாய்ப்புக் கூடும். கிடைத்தேவிடும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

டெல்லியில் தனியார் பள்ளிகள் நர்சரிக்குக் குழந்தையைச் சோதித்தோ பெற்றோரை நேர்காணல் செய்தோ சேர்க்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளியும் நூறு புள்ளிகளைப் பிரித்து வைத்து, அதை முன்கூட்டியே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. வீட்டின் தூரத்துக்கு இவ்வளவு, அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் இவ்வளவு, அப்பாவோ அம்மாவோ பழைய மாணவர் என்றால் இவ்வளவு, சில இடங்களில் முதல் குழந்தைக்கு இவ்வளவு. பெரும்பாலான பள்ளிகளில் பெரும்பங்கு தூரத்துக்குத்தான் போகிறது. ஊரில் முகவரி என்றால் கடிதம் வருவதற்கு. இங்கே முகவரிக்கே மதிப்பெண் போடுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. தூரத்துக்கு 60, உடன்பிறப்புக்கு 25, பழைய மாணவருக்கு 15 என்று ஒரு பள்ளி வைத்திருப்பதாகக் கொள்வோம். நீங்கள் பள்ளிச் சுவரை ஒட்டியே வீடு வாங்கியிருக்கிறீர்கள், மதுரையில் படித்தவர்கள், மூத்த குழந்தை. உங்களுக்கு 60. அடுத்த தெருக்காரரின் பெரிய பெண் அங்கே ஐந்தாம் வகுப்பு, அவருக்கு 85. எதிர்வீட்டுக்காரர் அதே பள்ளியில் படித்தவர், அவருக்கு 75. இடங்களோ குறைவு. நூறு இடம் என்றால் 25 பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய குழுக்களுக்கும் போய்விடும். நிர்வாக ஒதுக்கீடு வைத்திருக்கும் பள்ளியானால் இன்னும் 20 வரை போகும். மிச்சத்தில் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் நுழைந்த பிறகு, 60 புள்ளிக்காரர்கள் அத்தனை பேருக்கும் குலுக்கல். பல லட்சம் கடன் வாங்கி, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்று, இந்த விதிகள் நிலையாக நிற்பவை அல்ல. 2014-15 சேர்க்கைக்காகத் துணைநிலை ஆளுநர் 8 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் 70 புள்ளி என்றார். 2014 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017 ஜனவரியில், டிடிஏ என்னும் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் கட்டப்பட்ட 298 பள்ளிகளுக்கு அருகமை விதியை அரசு கொண்டுவந்தது. அடுத்த மாதமே தடை. வீட்டுக் கடன் இருபது ஆண்டு. விதியின் ஆயுள் சில சமயம் இருபது நாள்.

தூரத்தை யார், எப்படி அளக்கிறார்கள்?

பள்ளிதான் அளக்கிறது, தன் முறைப்படி. ஒன்று வரைபடத்தில் நேர்கோடு போடும். ஒன்று சாலை வழியாக அளக்கும். இன்னொன்று கிலோமீட்டர் பேச்சையே எடுக்காமல் பகுதிகளின் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும். உங்கள் பகுதி பட்டியலில் இல்லை என்றால், பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வெளியாள்தான்.

என் மூத்தவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளியின் கொடிக்கம்பம் தெரியும். வரைபடத்தில் 2.7 கி.மீ. என்று நானே அளந்து, 3 கி.மீ.க்குள் என்ற கட்டத்தில் நிம்மதியாகக் குறியிட்டேன். நடுவே ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது, இங்கே நாலா என்பார்கள். பாலத்தைச் சுற்றிப் போனால் 3.4. பள்ளி சாலை வழியாக அளந்தது. ஒரு படி இறங்கியது, பத்துப் புள்ளி போனது, பையன் பட்டியலிலும் இல்லை, காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டபோது எழுத்தர் அம்மாள் தலையைக் கூட நிமிர்த்தாமல், "இணையதளத்தில் 'சாலை வழி' என்று போட்டிருக்கிறோமே" என்றார். போட்டிருந்தார்கள். நான்தான் அந்த வரியைப் படிக்கவில்லை.

ஆகவே வீடு பார்க்கப் போவதற்கு முன், நீங்கள் நினைக்கும் நான்கைந்து பள்ளிகளின் சென்ற ஆண்டு விதிகளை வரி விடாமல் படியுங்கள். கடைசிக் குழந்தை எத்தனை புள்ளியில் சேர்ந்தது என்பதும் வெளியாகியிருக்கும். அந்த ஒரு எண், தரகர் ஒரு மணி நேரம் பேசுவதைவிடப் பயனுள்ளது.

அப்படியானால் முதலில் வாடகையா, சொந்த வீடா?

வாடகை. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

சேர்க்கை விண்ணப்பத்துக்குத் தேவை அங்கே வசிக்கிறீர்கள் என்ற சான்று. வீடு உங்களுடையதா என்று யாரும் கேட்பதில்லை. இடம் கிடைத்த பிறகு அந்தப் பள்ளியிலிருந்து குழந்தை தாங்கும் தூரத்தில் எங்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இடம் கிடைக்காவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். வாங்கிவிட்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

பணக் கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு கோடி கடன், 8.5 விழுக்காடு வட்டி, இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 86,800 ரூபாய். தவறான இடத்தில் வாங்கி, மூன்றாம் ஆண்டில் விற்று, வேறிடத்தில் வாங்கினால் முத்திரைத்தாள், பதிவு, தரகு எல்லாம் இன்னொரு முறை. வாங்கும்போது வீட்டு அம்மாவின் பெயரில் பதியுங்கள். டெல்லியில் பெண் பெயரில் பதிந்தால் முத்திரைத்தாள் கட்டணம் ஆண் பெயரைவிட 2 விழுக்காடு குறைவு. ஒரு கோடிக்கு இரண்டு லட்சம். நர்சரிப் பிள்ளையின் ஒரு வருடச் செலவில் கணிசமான பங்கு அதில் வந்துவிடும்.

"வாடகை கொடுப்பது தண்டம்" என்று ஊரிலிருந்து மாமனார் தொலைபேசியில் சொல்வார். சொல்லட்டும். அவர் காலத்தில் தெருக்கோடிப் பள்ளிக்குப் பையனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்தார்கள்.

டெல்லியா, நொய்டாவா, குருகிராமா? எல்லாமே சிபிஎஸ்இதானே?

இந்தக் கேள்விக்குத்தான் மக்கள் மிகக் குறைவாக யோசித்து, மிக அதிகமாக வருந்துகிறார்கள்.

பாடத்திட்டம் ஒன்றுதான். மெட்ரோவும் ஒன்றுதான், நீல வழித்தடத்தில் துவாரகையில் ஏறி நொய்டாவில் இறங்கலாம், எல்லை எங்கே வந்தது என்றே தெரியாது. ஆனால் மயூர் விஹார் டெல்லி. அதை அடுத்த நொய்டாவும், இந்திராபுரம், வைசாலி, வசுந்தரா இருக்கும் காஜியாபாதும் உத்தரப் பிரதேசம். துவாரகை டெல்லி, குருகிராமும் ஃபரிதாபாதும் ஹரியானா. மூன்று அரசுகள், மூன்று சட்டங்கள்.

நர்சரியில் இந்த வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும். டெல்லியில் எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் ஒரே கால அட்டவணை: நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ விண்ணப்பம், ஜனவரியில் முதல் பட்டியல், மார்ச்சுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பதிவுக் கட்டணம் 25 ரூபாய். விளக்கக் குறிப்பேட்டை வாங்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. எல்லைக்கு அப்பால் பள்ளிகள் தத்தம் வசதிக்குச் சேர்க்கை தொடங்கும், பலவும் டெல்லிக்கு முன்பே. புதிய பள்ளிகளில் இடமும் எளிதாகக் கிடைக்கும். "நொய்டாவில் போன உடனே சேர்த்துக்கொண்டார்கள்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

வித்தியாசம் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது கதவைத் தட்டும். டெல்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்திலும் 85 விழுக்காடு இடங்கள் டெல்லிப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களுக்கு. மௌலானா ஆசாத் போன்ற மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையுமே டெல்லியில் படித்திருக்க வேண்டும். இங்கே கேட்பது பள்ளியின் முகவரியை. வீட்டின் முகவரியை அல்ல. நொய்டாவில் குடியிருந்துகொண்டு, பாலம் தாண்டி டெல்லிப் பள்ளியில் படித்த பிள்ளை உள்ளே. டெல்லியில் குடியிருந்துகொண்டு, பெரிய மைதானத்துக்கு ஆசைப்பட்டு நொய்டாப் பள்ளிக்குப் போன பிள்ளை வெளியே. எங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு பெண். நல்ல மதிப்பெண். கலந்தாய்வு நேரத்தில்தான் வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்று தெரிந்தது. அவளுடைய அப்பா ஒரு மாதம் நடைப்பயிற்சிக்கே வரவில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல், வணிகப் படிப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை, எந்த ஊர்ப் பள்ளியானாலும் ஒன்றே.

ஆகவே ஒன்று செய்யலாம். பத்தாம் வகுப்புவரை எல்லைக்கு எந்தப் பக்கமும் படிக்கட்டும். பொறியியல், மருத்துவம் என்ற எண்ணம் இருந்தால் பதினொன்றில் டெல்லிப் பள்ளிக்கு மாறிக்கொள்ளும்படி வீடு எல்லை ஓரத்தில் இருக்கட்டும். மயூர் விஹார், பட்பர்கஞ்ச் பக்கத்து ஐ.பி. எக்ஸ்டென்ஷன், துவாரகை ஆகியவற்றுக்கு இந்த வசதி உண்டு. கிரேட்டர் நொய்டா வெஸ்ட்டின் உள்ளே இருபதாவது மாடியில் வாங்கியவருக்கு இல்லை.

தமிழ்நாட்டில் கல்லூரி என்ற யோசனையும் இருந்தால், வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைக்கு அங்கே கலந்தாய்வில் பிறப்பிடச் சான்று கேட்பார்கள். உங்களுடைய பழைய பள்ளிச் சான்றுகளை ஊர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். கரையானுக்குக் கலந்தாய்வுத் தேதி தெரியாது.

பிள்ளை தமிழ் படிக்க வேண்டும். அதற்கு எந்தப் பகுதி?

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா சாலை, லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என ஏழு பழைய பள்ளிகள். சிபிஎஸ்இ பாடத்திட்டம், தமிழும் உண்டு. இந்தப் பெயர்களை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளை ஒட்டியவை. ஒரு காலத்தில் செயலகத்துக்கு சைக்கிளில் போன தமிழர்கள் அங்கேதான் இருந்தார்கள். பிறகு ஓய்வு பெற்று, சங்கம் சேர்த்து, கூட்டுறவு வீட்டுமனை வாங்கி யமுனைக்குக் கிழக்கே, மயூர் விஹார் பக்கம் வந்துவிட்டார்கள். அந்த ஏழில் ஒன்றுகூட ஆற்றுக்குக் கிழக்கே இல்லை. தமிழ்க் கடையும் கோயிலும் மயூர் விஹாரில், தமிழ் வகுப்பறை மோதி பாக்கில்.

தமிழ்தான் முதல் விருப்பம் என்றால் மேற்குப் பக்கம் பாருங்கள். துவாரகையிலிருந்து ஜனக்புரி பக்கம். ஜனக்புரியிலிருந்து ராமகிருஷ்ணபுரத்துக்கு மெஜந்தா வழித்தட மெட்ரோ இருக்கிறது; டெல்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும் ராமகிருஷ்ணபுரத்திலேயே. "ஆனால் அந்தப் பள்ளியில் நீச்சல் குளம் இல்லையே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இல்லைதான். அவர் பையனை நீச்சல் குளம் உள்ள பள்ளியில் சேர்த்தார். இப்போது அவன் பாட்டியுடன் பேச அம்மாவை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்கிறான்.

வேறு பள்ளி என்றால் தமிழை வீட்டில்தான் நடத்த வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் நடக்கும். தனியாக ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் மூன்றாவது வாரம் நின்றுபோகும்.

கேந்திரிய வித்யாலயா?

மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர் என்றால் யோசிக்கவே வேண்டாம். முன்னுரிமை உங்களுக்குத்தான். அடுத்த மாற்றலில் கோவைக்குப் போனாலும் பிள்ளைக்கு இடம் பின்னாலேயே வரும். தனியார் நிறுவன ஊழியர் முன்னுரிமை வரிசையில் கடைசியில் நிற்கிறார். அதை நம்பி வீடு வாங்க வேண்டாம்.

நல்ல பள்ளி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரவரிசைப் பட்டியல்களை நான் படிப்பதில்லை. அவற்றுக்கு அடுத்த பக்கத்திலேயே அதே பள்ளியின் விளம்பரம் இருக்கும்.

சிபிஎஸ்இ பள்ளி ஒவ்வொன்றும் தன் இணையதளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டிய தகவல்கள் என்று ஒரு பக்கம் உண்டு. பெரும்பாலும் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், தேடுங்கள். இணைப்பு எண், எந்த வகுப்புவரை இணைப்பு, தீயணைப்புச் சான்று, கட்டணம், ஆசிரியர் எண்ணிக்கை, பொதுத்தேர்வு முடிவுகள் எல்லாம் அதில் வர வேண்டும். புறநகரின் புதுப் பள்ளிகளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது "எந்த வகுப்புவரை" என்ற வரி. கட்டடம் ஐந்து மாடி எழும்பியிருக்கும், இணைப்பு எட்டாம் வகுப்போடு நிற்கும். உங்கள் பிள்ளை ஒன்பதுக்கு வரும்போது கிடைத்துவிடும் என்பார்கள். கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் அந்த வயதில் பள்ளி மாற்றுவது யார் தலையில் விழும்?

ஒரு பிரிவில் 40 பேர் என்பது சிபிஎஸ்இயின் பொது விதி. இதைக் கட்டணம் வாங்கும் சன்னலில் கேட்காதீர்கள், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று எந்தப் பிள்ளையிடமாவது "உன் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

அந்த நேரத்தில் வாசலில் அரை மணி நிற்பது பெரிய படிப்பு. நான் ஏழு பள்ளிகளில் நின்றிருக்கிறேன். ஒரு பள்ளியில் ஆசிரியைகள் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே பஸ்வரை நடந்து வந்தார்கள். இன்னொன்றில் ஊதல் வைத்திருந்த ஒருவர் மட்டும் பிள்ளைகளை ஆட்டு மந்தை போல ஓட்டினார். ஓர் ஆயா, ஷூ கயிறு அவிழ்ந்த குழந்தையைப் படியில் உட்கார வைத்துக் கட்டிவிட்டு, அதன் கையிலேயே தண்ணீர்ப் புட்டியையும் திணித்து அனுப்பினாள். என் இளையவள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். அந்த ஆயா பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முதல்வர் பெயர் மறந்துவிட்டது.

மேல்வகுப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை. பயிற்சி மையத்துக்குப் போவதற்காகப் பெயரை மட்டும் பதிந்துவைக்கும் "டம்மி" பள்ளிகள் இந்த ஊரில் உண்டு. மேலே சொன்ன 85 விழுக்காட்டுக்காகவே வெளியூர்ப் பிள்ளைகள் பெயர் பதிவதும் நடக்கிறது. 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் இணைப்பை சிபிஎஸ்இ ரத்து செய்தது. பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பதும் விதி. வகுப்பறைகள் காலியாக இருந்து, பலகையில் மட்டும் முதலிடக்காரர்கள் நிறைந்திருந்தால் நடையைக் கட்டுங்கள்.

பத்து கி.மீ. தூரம்தானே? பள்ளிப் பேருந்து இருக்கிறதே?

ஜனவரி மாதம், காலை ஆறு நாற்பது. எதிரே இருக்கும் மாடிப்படி தெரியாத பனிமூட்டம். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மேலே பிளேசர் போட்ட ஒரு மூட்டை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூட்டைக்குள்ளிருந்து "அம்மா, தூக்கம் வருது" என்று ஒரு குரல் மட்டும் வரும். பஸ் வருவது தெரியாது. இரண்டு மஞ்சள் கறை தெரிந்தால் அதுதான் பஸ். அது பதினோரு குடியிருப்பு வாசல்களில் நின்று நின்று போய், பத்து கி.மீ.யை ஒன்றே கால் மணி நேரத்தில் கடக்கும். நான்கு ஆண்டுகள் நின்றேன். இன்றும் அந்த ஹார்ன் ஒலி கேட்டால் கை தானாகச் சிற்றுண்டிப் பெட்டியைத் தேடுகிறது.

ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள், வழித்தடத்தில் உங்கள் நிறுத்தம் எத்தனையாவது என்று கேளுங்கள். கடைசியில் ஏறுகிற பிள்ளைக்கு இருபது நிமிடம், முதலில் ஏறுகிற பிள்ளைக்கு எழுபது நிமிடம். கட்டணம் அநேகமாக ஒன்றுதான். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள். குருகிராமுக்கு ஜூலை மழையில் ஒரு முறை போங்கள்.

அதற்காகப் பள்ளிச் சுவரை ஒட்டியும் வாங்க வேண்டாம். மதியம் பள்ளி விடும்போது உங்கள் காரை உங்கள் வாசலிலிருந்து எடுக்க முடியாது. ஆண்டு விழா ஒத்திகை ஒரு மாதம் நடக்கும், அதே பாட்டு. என்னைக் கேட்டால் ஒன்றிலிருந்து நான்கு கி.மீ.

நவம்பரில் காற்று கெட்டுப்போனால் சின்ன வகுப்புகளை இணையவழிக்கு மாற்றிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை உட்கார ஒரு தனி அறை வேண்டும். இரண்டு படுக்கையறையா மூன்றா என்ற விவாதம் எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிந்தது.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால் யாரிடம் போவது?

இதிலும் எல்லை குறுக்கே வரும். டெல்லியில், அரசு நிலத்தைச் சலுகையில் பெற்று, அந்த ஒப்பந்தத்தில் நிபந்தனை உள்ள பள்ளிகள் கட்டணம் உயர்த்தக் கல்வித்துறையின் முன் அனுமதி பெற வேண்டும். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2025இல் கட்டண நிர்ணயத்துக்கென்றே டெல்லி சட்டப்பேரவை தனிச் சட்டம் நிறைவேற்றியது. பள்ளி அளவிலான குழுவில் பெற்றோருக்கும் இடம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் கட்டண உயர்வு நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வோடு 5 விழுக்காடு என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. புகாருக்கு மாவட்டக் குழு. நன்கொடை கேட்பது கல்வி உரிமைச் சட்டப்படி எங்குமே குற்றம், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்குவரை அபராதம். கேட்பவர்கள் நன்கொடை என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"பக்கத்திலேயே பெரிய பள்ளி வரப்போகிறது" என்கிறார் தரகர். நம்பலாமா?

வரப்போகிற பள்ளியில் உங்கள் பேரப்பிள்ளை படிக்கலாம். வரைபடத்தில் பள்ளிக்கென்று ஒதுக்கிய மனை பச்சையும் மஞ்சளுமாக அழகாக இருக்கும். நேரில் போனால் எருமை மேயும். இன்று மணி அடிக்கிற பள்ளியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வீட்டின் காகிதங்களை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். நொய்டாவில் நிலம் பொதுவாக 90 ஆண்டுக் குத்தகை. கட்டுநர், நிலம் கொடுத்த நொய்டா ஆணையத்துக்குப் பணம் பாக்கி வைத்திருந்தால், முழுப் பணமும் கட்டிக் குடியேறிய பிறகும் பத்திரப் பதிவு ஆகாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அப்படி நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். பதிவு ஆகாத வீட்டை விற்பதும் வில்லங்கம். குடியேறலாம் என்ற சான்று வந்த கட்டடமா, ரெரா என்னும் வீடு-மனைத் துறை ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்தத் திட்டத்தின் நிலை என்ன என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். டெல்லியில் வேறு தொல்லை: விலை மலிவாக இருக்கிறதே என்று பார்த்தால் அங்கீகரிக்கப்படாத குடியிருப்பாக இருக்கும். 2019இல் மத்திய அரசு உரிமை வழங்க எடுத்துக்கொண்ட பட்டியலில் மட்டும் அப்படி 1,731 குடியிருப்புகள். அங்கே வங்கிக் கடன் கிடைப்பது சிரமம்.

பெண் ஒன்பதாம் வகுப்பு. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வருகிறாள்.

பத்திலும் பன்னிரண்டிலும் நேராகச் சேர்ப்பது சிபிஎஸ்இயில் கடினம். பெற்றோர் மாற்றல் போன்ற காரணம் காட்டி, வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். முடிந்தால் ஒன்பதின் தொடக்கத்தில் அல்லது பதினொன்றில் கொண்டுவாருங்கள். இந்த வயதில் வரும் பிள்ளைக்குப் பெரிய மலை கணக்கும் அறிவியலும் அல்ல, இந்திதான். இந்திக்குப் பதில் என்ன மொழி எடுக்கலாம் என்று பள்ளியில் முதல் கேள்வியாகக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளிகளில் இந்தச் சுமை குறையும். அதற்காகவே அந்தப் பக்கம் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு வீடு வாங்கியவர்களை அறிவேன்.

டிசம்பருக்கு முன் கையில் என்ன இருக்க வேண்டும்?

மார்ச் 31 அன்று குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றில் பெயர் எழுதப்பட்டிருக்கட்டும். முகவரிக்குப் பெற்றோர் பெயரிலுள்ள வாக்காளர் அட்டை, ஆதார், கடவுச்சீட்டு, மின்கட்டண ரசீது, தண்ணீர் ரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றில் ஒன்று. வாடகை வீட்டில் மின்கட்டணம் உரிமையாளர் பெயரில்தான் வரும், அது உதவாது. எனவே ஜூலை ஆகஸ்டிலேயே குடிவந்து ஆதாரிலும் வாக்காளர் பட்டியலிலும் புது முகவரியை ஏற்றிவிடுங்கள். அம்மாவின் ஆதார் திருநெல்வேலியிலும் அப்பாவுடையது பெங்களூரிலுமாக இருந்து, டிசம்பர் இரண்டாம் வாரத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் ஐந்தாறு பேர். அவர்களுக்கு நான் சொல்ல முடிந்ததெல்லாம், அடுத்த ஆண்டு கே.ஜி.யில் சில இடங்கள் காலியாகும், அப்போது பார்க்கலாம் என்பதுதான்.